பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கு வேண்டும்

தை பிறந்துவிட்டது. டவுன் கடைகள் கொடுத்த புதிய கலண்டர் லயத்து வீடுகளில் தொங்குகிறது. அதில் சம்பள நாளைக் குறித்துவிட்டோம். திருவிழா நாளையும் சீட்டு விழும் நாளையும் குறித்துவிட்டோம். கிழமைக் கடன் கட்டும் நாளைக் குறிக்கத் தேவையில்லை, அதை யாரும் மறக்க விடமாட்டார்கள். ஆனால் மாடு வளர்க்கும் வீட்டில் பசு எந்த மாதம் பால் வற்றும், மரக்கறி போடும் வீட்டில் எந்த மாதம் விதைக்குக் காசு வேண்டும், ரொட்டி சுட்டு விற்கும் வீட்டில் எந்த மாதம் வியாபாரம் படுக்கும் என்பதைக் குறித்து வைத்திருக்கும் கலண்டர் எமது தோட்டங்களில் எத்தனை இருக்கும்?

தோழர்களே, இம்முறை சம்பளப் போராட்டத்தைப் பற்றி எழுதாமல் மாட்டுக் கணக்கைப் பற்றி எழுதுகிறோமே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்தான்.

இன்று தோட்டச் சம்பளத்தை மட்டும் நம்பி வாழும் வீடு குறைவு. நாட்கூலி 1,000 ரூபாவுக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021 இல் அதைப் பெற்றோம். 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபா ஆனது. அதுவும் பெயர் விழுந்த நாளுக்குத்தான். கொழுந்து இல்லாத காலத்தில் கிழமைக்கு மூன்று நாள், நான்கு நாள் வேலை என்றால் மாத முடிவில் சம்பளச் சீட்டில் மிஞ்சுவது என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு வீடு இரண்டாவது தொழில் ஒன்று நடக்கிறது. ஒரு வீட்டில் பசு, அடுத்த வீட்டில் தையல் மெஷின், லயத்துக் கடைசியில் ஒரு சில்லறைக் கடை, பின்னால் நாலு பாத்தி லீக்ஸ், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வடை. இவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துவது பெண்கள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, மிச்சமிருக்கும் நேரத்தில் நடத்துகிறார்கள்.

இந்தத் தொழில்களைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அவை கிழமைக் கணக்கில் நடக்கின்றன என்பதுதான் எமது கவலை. இந்தக் கிழமை காசு வந்தால் தொழில் நல்லாயிருக்கு என்கிறோம். அடுத்த கிழமை வராவிட்டால் கடன் வாங்குகிறோம். பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு பசுவை எடுத்துக்கொள்வோம்.

நாளுக்குச் சராசரி 6 லீற்றர் பால் ஊற்றும் ஒரு பசு. சேகரிப்பு நிலையத்தில் லீற்றர் 160 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இடத்தில் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 960 ரூபா, மாதத்துக்கு 28,800 ரூபா. பசு வாங்கும்போது எல்லாரும் போடும் கணக்கு இவ்வளவுதான். 28,800 ஐப் பன்னிரண்டால் பெருக்கி 345,600 ரூபா என்று மனதுக்குள் செலவும் செய்து முடித்துவிடுகிறோம்.

ஆனால் பசு பன்னிரண்டு மாதமும் கறப்பதில்லை. கன்று போட்டபின் ஏறத்தாழ பத்து மாதம் கறக்கும். அடுத்த கன்றுக்கு முன் இரண்டு மாதம் வற்ற விட வேண்டும். அப்படியானால் வருட வரவு 288,000 ரூபா. 57,600 ரூபா முதலிலேயே போய்விட்டது.

இனிச் செலவு. நாளுக்கு 3 கிலோ மாட்டுத்தீனி, கிலோ 120 ரூபா என்றால் மாதம் 10,800. வற்றிய இரண்டு மாதமும் பட்டினி போட முடியாது. பாதித் தீனி கொடுத்தாலும் மாதம் 5,400. வருடத்துக்குத் தீனி மட்டும் 118,800 ரூபா. மருந்து, தாதுஉப்பு, சினை ஊசி ஆகியவற்றுக்கு 12,000. கொட்டிலுக்குத் தகரம், கயிறு, வாளிக்கு 20,000. மொத்தச் செலவு 150,800. மிச்சம் 137,200 ரூபா. மாதத்துக்குப் பிரித்தால் 11,400 ரூபா சொச்சம். நாம் மனதில் வைத்திருந்த 28,800 எங்கே, இது எங்கே?

இதில் இன்னும் ஒன்றை நாம் எழுதவில்லை. புல் அறுக்க, சாணம் அள்ள, பால் கறந்து கொண்டுபோய்க் கொடுக்க நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் என்றால் வருடத்துக்கு 900 மணித்தியாலத்துக்கு மேல். அந்த உழைப்புக்கு விழுவது மணிக்கு 150 ரூபா. 2024 இல் வந்த நாட்கூலி 1,350 ஐ எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தாலும் 168 ரூபா வருகிறது. தோட்டக் கூலியே போதாது என்று சொல்லும் நாம், வீட்டில் அதைவிடக் குறைந்த கூலிக்கு எமது பெண்களை வேலை வாங்குகிறோம். கன்று இருக்கிறது, பிள்ளைக்குப் பால் இருக்கிறது, சாணம் விற்கலாம், எல்லாம் சரிதான். அவற்றையும் வரவில் எழுதுவோம். ஆனால் உழைப்பையும் எழுதுவோம்.

அடுத்தது கடன். அந்தப் பசுவை வாங்கச் சீட்டுக் காசு போதாமல் 50,000 ரூபா கிழமைக் கடன் எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை. "சின்னக் காசுதானே அக்கா, கிழமைக்கு 1,250 தானே" என்பார்கள். கட்டி முடிக்கும்போது 65,000 ரூபா. வட்டி 15,000, அதாவது 30 வீதம் என்று சொல்வார்கள். அது சரியான கணக்கு அல்ல. முதலைக் கிழமைக்குக் கிழமை திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். வருட நடுவில் எமது கையில் அந்த 50,000 இல்லை, அதில் பாதி அளவுதான் இருக்கிறது. கையில் இருக்கும் காசுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது வருடத்துக்கு 50 வீதத்தையும் தாண்டுகிறது.

அந்த 65,000 ஐக் கழித்தால் முதல் வருடத்தில் பசுவால் கிடைப்பது 72,200 ரூபா. மாதம் 6,000 ரூபா. அதுகூட இருக்கட்டும். பால் வற்றிய இரண்டு மாதத்தைப் பாருங்கள். தீனிக்கு 5,400, கடனுக்கு 5,400 என்று மாதம் 10,800 ரூபா வெளியே போகிறது, ஒரு சதமும் உள்ளே வருவதில்லை. இந்த இடத்தில்தான் இரண்டாவது கடன் எடுக்கப்படுகிறது, முதல் கடனைக் கட்டுவதற்காக. எமது தோட்டங்களில் நகை அடகுக்குப் போனதும், கடன்காரருக்குப் பயந்து பெண்கள் பின்கதவால் போனதும் சோம்பேறித்தனத்தால் அல்ல. வரப்போகும் இரண்டு வெறும் மாதங்களை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கறக்கும் பத்து மாதமும் மாதம் 2,160 ரூபாவைத் தனியே எடுத்து வைத்தால் அந்த இரண்டு மாதமும் கடந்துவிடும். கடன் எடுக்குமுன் இந்த ஒரு வரி கொப்பியில் இருந்திருந்தால் பல வீடுகள் தப்பியிருக்கும்.

வருடத் திட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான். வங்கிக்குக் கொடுக்கும் தடித்த புத்தகம் அல்ல. ஒரு சி.ஆர். கொப்பி, பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு மாதம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று வரிசை: தோட்டச் சம்பளத்தில் என்ன வரும், வீட்டுத் தொழிலில் என்ன வரும், என்ன போகும்.

இதை எழுதும்போது தோட்டத்தின் வருடத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் தை முதல் பங்குனி வரை வெயிலும் பனியும், கொழுந்து குறைவு. மலையில் புல்லும் குறைவு, அதனால் பாலும் குறையும். அதே மாதங்களில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. அதே மாதங்களில்தான் தீபாவளி முற்பணம் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. சித்திரை, வைகாசியில் மழையோடு கொழுந்து வரும். அப்போது கையில் காசு இருக்கும், ஆனால் வீட்டுத் தொழிலுக்கு நேரம் இருக்காது. பதுளை, பண்டாரவளைப் பக்கமோ ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடித்து மலை காயும். ஹற்றனில் எழுதிய திட்டம் பண்டாரவளைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தோட்டமும் தன் மலையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பசுவுக்கும் இந்தக் கலண்டர் வேண்டும். சினை நின்று ஒன்பது மாதமும் சில நாளும் கழித்துக் கன்று போடும். ஜூன் மாதம் சினை ஊசி போட்டால் மார்ச்சில் கன்று. அப்படியானால் பால் வற்றும் மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். கொழுந்தும் இல்லை, பாலும் இல்லை, முற்பணமும் வெட்டுகிறார்கள். பசு 21 நாளுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும் என்பதால் நினைத்தபடி எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. ஆனால் வரப்போவது தெரிந்தால் ஐப்பசியிலேயே கையை இறுக்கிப் பிடிக்கலாம்.

"எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இது எதுக்கு?" என்று கேட்கும் அம்மாமாருக்கு ஒன்று சொல்கிறோம். பற்று கணக்கு, பெயர் கணக்கு, கொழுந்து நிறுவையில் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்ற கணக்கு எல்லாம் உங்கள் மனதில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஒரு கிலோ குறைத்து எழுதினால் அங்கேயே பிடிக்கிறீர்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியும். கொப்பியில் எழுத வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிறது.

இனி, இந்தக் கொப்பி ஏன் சங்கத்தின் விடயம் என்று சொல்கிறோம்.

கம்பனிகள் சில காலமாக ஒரு புதுப் பேச்சுப் பேசுகின்றன. கொழுந்து மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அவுட்குரோவர் முறை வந்தால் தொழிலாளி "சிறு முதலாளி" ஆகிவிடுவாராம். நல்லது. முதலாளி என்றால் வருடத் திட்டம் வேண்டும்தானே? அதே கொப்பியைத் திறப்போம். கொழுந்து இல்லாத மூன்று மாதம் வரவு என்ன? உரத்தின் விலை யார் தலையில்? 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது நட்டம் யார் கையில் மலை இருந்ததோ அவருடையது. கொழுந்தின் விலையை யார் தீர்மானிப்பது? நாட்கூலி இல்லாமல் போனால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிர்வாகம் கட்டும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டும் 3 வீதமும் எங்கே? 2024 இல் வந்த 1,350 ரூபாவுக்கு அது நாளுக்கு 202 ரூபா 50 சதம். பிரசவக் கொடுப்பனவு? சேவைக்காலப் பணம்? இவற்றுக்கெல்லாம் பக்கத்தில் எண் எழுத முடியாத எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது எமது உறுதியான கருத்து.

மாட்டுக்கொட்டில் விடயமும் அப்படித்தான். கொட்டிலுக்கு 20,000 ரூபா செலவு எழுதினோம். அது நிற்கும் நிலம் யாருடையது? துரை மாறினால் "கழற்று" என்று சொல்லலாம். வருடத் திட்டத்தில் எமது கையில் இல்லாத வரி அது ஒன்றுதான், அதுதான் எல்லாவற்றையும் விழுத்தும் வரி. காணி உரிமைக் கோரிக்கை மேடைக்கு மட்டும் உரியதல்ல என்பதை இந்த வரி காட்டுகிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை. மாட்டுக்கொட்டிலுக்கும் புல் நிலத்துக்கும் தோட்ட நிர்வாகம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். தீபாவளி முற்பணத்தைக் கொழுந்து குறைந்த மாதங்களில் குறைத்து வெட்ட வேண்டும். கடன் கொடுக்க வருபவர்கள் மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுத் தொழிலைக் காட்டி "இவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது" என்று சம்பளப் பேச்சுவார்த்தையில் யாரும் பேசக்கூடாது. மணிக்கு 150 ரூபா வருமானத்தைக் காட்டி நாட்கூலியைக் குறைக்க இடம் கொடுக்கமாட்டோம்.

எமது பங்கும் உண்டு. இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கும்படி எல்லாத் தோட்டத் தலைவர், தலைவிமாரையும் கேட்கிறோம். ஒரு பசு, ஒரு கடை, ஒரு தையல் மெஷின் என்று மூன்று வீட்டுக் கணக்கை எல்லார் முன்னாலும் போட்டுப் பாருங்கள். அதில் கடன் எடுக்க நினைத்திருக்கும் ஒரு வீடும் இருக்கட்டும். கணக்கைப் பார்த்தபின் அவர்கள் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அது அவர்கள் முடிவு. பன்னிரண்டு மாதத்தையும் பார்த்து எடுத்த முடிவாக இருந்தால் போதும்.