தாங்கும் குரலுக்குப் பெயர் இல்லையா?

திருவான்மியூர் பீச்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஹோம் ஃப்ரீ கேட்கும் நண்பர்களுக்கு, டிம் ஃபவுஸ்ட்டின் பேஸ் குரல் அடியில் இறங்கும்போது புல்லரிக்கிறது. எனக்கும்தான். அந்த அமெரிக்க கன்ட்ரி குழு வாத்தியமே இல்லாமல் பாடி 2013-இல் ‘தி சிங்-ஆஃப்’ போட்டியை ஜெயித்தது, கொண்டாடுங்கள்.

“தமிழ்ல இதெல்லாம் எங்க இருக்கு?” என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். 1993-இலேயே ‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’ பாட்டை ரஹ்மான் வெறும் குரல்களால் கட்டினார். முன்னால் பாடிய சாகுல் ஹமீதைத் தெரியும். பின்னால் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருத்தர் பெயராவது தெரியுமா? அங்கே அடிக்குரல்காரர் நட்சத்திரம், இங்கே வெறும் ‘கோரஸ்’. குறை தமிழ்த் தொண்டையில் இல்லை பாஸ், மெட்டை மட்டுமே பாட்டு என்று நம்பும் நம்ம காதில். இன்று ராத்திரி அதைப் போட்டு, சாகுல் ஹமீதை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் கேளுங்கள்.