சுதேசி மருந்தும் நம் குழந்தைகளும்

ரிஸ்டிப்ளாம் என்னும் மருந்தை நம் நாட்டார் செய்து விற்பதைத் தடுக்க வேண்டுமென்று ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ரோஷ் கம்பெனியார் செய்துகொண்ட முறையீட்டை, 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தள்ளிவிட்டனர். அதன் பின் ஹைதராபாத்து நாட்கோ கம்பெனியார் அதே மருந்தைப் புட்டி ஒன்றுக்கு 15,900 ரூபாய் விலையில் வெளியிட்டனர். அந்நியக் கம்பெனியின் புட்டி 6 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்று வந்தது. இச்செய்தி பத்திரிகைகளின் வியாபாரப் பகுதியில் ஒரு மூலையில் வந்து மறைந்தது. வியாபாரச் செய்தியாக மட்டும் இதைக் கருதுவது பெருந்தவறு என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இம்மருந்து யாருக்காக? முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு என்றும், சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்றும் வைத்தியர்கள் கூறும் நோயுடன் பிறந்த குழந்தைகளுக்காக. தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் உயிர் தரித்திருக்க ஒரு புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு பழுதுற்றால், அணுக்கள் ஒவ்வொன்றாக மாளும், தசைகள் வலியிழக்கும். பத்தாயிரம் பிரசவங்களில் ஏறக்குறைய ஒன்றில் இந்நோய் காணப்படுமென்பது உலகக் கணக்கு. கடுமையான வகையில், சிகிச்சையின்றேல் பெரும்பாலான சிசுக்கள் இரண்டு வயதைக் காண்பதில்லை. ஆயினும் இந்நோய் அறிவைத் தீண்டுவதில்லை. கண்ணில் ஒளியும் முகத்தில் சிரிப்பும் குறையாத குழந்தைக்குத் தலை நிற்பதில்லை. குப்புற விழவும் தவழவும் வேண்டிய மாதங்கள் வீணே கழிகின்றன.

அத்தகைய குழந்தையை வளர்க்கும் வீட்டின் பாட்டை நம் வாசகர்கள் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். பால் புரையேறாதபடி ஊட்டுவதும், சளியைத் தானே இருமித் தள்ள மாட்டாத மார்பைத் தட்டிவிடுவதும், இரவில் பலமுறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பதும், முதுகு கோணாதபடியும் மூட்டுகள் இறுகாதபடியும் தினந்தோறும் அங்கப் பயிற்சி அளிப்பதும் தாயின் நித்திய கர்மங்களாகின்றன. பிறர் வீட்டில் இரண்டு நாளில் தீரும் ஜலதோஷம் இங்கே உயிருக்கு உலையாகலாம். தகப்பன் திருப்பூர்ப் பனியன் சாலையிலோ பவானித் தறியிலோ கூலி பெறுபவனாயின், மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலியற்ற நாளாகும்.

2021-ம் வருஷத்தில் நடந்ததைக் கொங்கு நாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். நம் பகுதியைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு வெளிநாட்டிலிருந்து ஒருமுறை மட்டும் செலுத்தும் ஊசிமருந்து தருவிக்க 16 கோடி ரூபாய் வேண்டியிருந்தது. ஏழைகளும் செல்வர்களும் தம்மாலானதை அளித்தார்கள். அவ்வருஷம் ஜூலையில் மத்திய சர்க்கார் இறக்குமதி வரியையும் தள்ளிக்கொடுத்தனர். கொங்கு மக்களின் ஈகைக்கு இது சாட்சி. அதை மனமாரப் போற்றுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். யாருடைய முகம் பத்திரிகையில் வருகிறதோ அக்குழந்தை பிழைக்கவும், வராத குழந்தை மாளவும் விடுவது எந்த தர்மத்தின்பாற்படும்? ஈகை ஒரு குழந்தையைக் காக்கும். அடுத்த குழந்தையைக் காக்க நியதி வேண்டும்.

நியதியே இல்லையென்று நாம் கூறவில்லை. 2021-ம் வருஷம் மத்திய சர்க்கார் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டனர். அதில் முதலில் குறிக்கப்பட்ட எட்டு உயர் சிகிச்சை நிலையங்களில் ஒன்றேனும் தமிழ்நாட்டில் அமையவில்லை. கோவையாருக்குக் கிட்ட இருந்தது பெங்களூரே. 2022-ல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று வரம்பு உயர்த்தப்பட்டது. இந்தத் தொகையை மருந்தின் விலையோடு ஒப்பிட்டு நோக்குக. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வேண்டும். 60 மில்லிகிராம் கொண்ட புட்டி 12 நாளில் தீரும். பழைய விலையில் 50 லட்சத்துக்கு எட்டுப் புட்டிகள். மூன்று மாதத்துக்கு மேல் சில நாட்களே வரும். புதிய விலையில் அதே தொகை பத்து வருஷங்களுக்குப் போதும். மருந்தும் ஒன்றே, சர்க்கார் பணமும் ஒன்றே. செய்கிறவர் மாறியதால் மூன்று மாதம் பத்து வருஷமாயிற்று!

சுதேசியம் என்பது கதராடையும் கோஷமும் மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தது இதே கோவைச் சிறையில்தான். அன்று அந்நியக் கம்பெனியார் கட்டணத்தை அடியோடு குறைத்து நம் கப்பலை ஒழிக்கப் பார்த்தனர். இன்று போட்டியே இராதபடி தனியுரிமையை வேலியாகக் கட்டி, விலையை வானளாவ வைக்கின்றனர். முறை வேறு, நோக்கம் ஒன்றே. 1970-ம் வருஷத்துப் பேடண்டுச் சட்டம் மருந்துக்கன்றி, அதைச் செய்யும் முறைக்கே உரிமை தந்தது; அதனாலேயே நம் மருந்துத் தொழில் தழைத்தது. உலக வர்த்தக உடன்படிக்கைக்கு இணங்கி 2005-ல் மருந்துக்கே தனியுரிமை வழங்கினோம். கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமென்பது நம் வாதமன்று. கூலி வேறு, குழந்தையின் உயிரைப் பணயமாக வைத்துக் கேட்கும் கப்பம் வேறு.

எனினும் விலை குறைந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கே வருஷத்தில் 15 புட்டிகள், அதாவது 2,38,500 ரூபாய் ஆகும்; குழந்தை வளர வளரச் செலவும் இரட்டிக்கும். ஆயுள் முழுதும் உண்ண வேண்டிய மருந்து இது. தறிக்காரன் இதைத் தன் கூலியில் வாங்க இயலுமா? அண்டையிலுள்ள கேரள சர்க்கார் 2022-ம் வருஷத்திலேயே இம்மருந்தைத் தாமே வாங்கிக் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கினர். பழைய விலையில் அவர்கள் துணிந்ததைப் புதிய விலையில் செய்யத் தமிழ்நாட்டுக்கு என்ன தடை? மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் பிறந்த குழந்தைக்கு உரிமையாக இருப்பது, இப்பால் பொள்ளாச்சியில் பிறந்த குழந்தைக்கு யாசகமாக இருக்கலாகாது.

சிலருக்காக இவ்வளவு பணமா, அதைக் கொண்டு ஆயிரம் பேருக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கலாமே என்று கணக்கர்கள் கேட்பார்கள். கேள்வி அற்பமானதன்று. ஆனால் நோயாளிகள் சிலரே என்பதால் செலவுக்கும் எல்லை உண்டு. மருந்தில்லாத காலத்தில் கையை விரித்தது விதி. மருந்து நம் நாட்டிலேயே செய்யப்படும் காலத்தில் கையை விரிப்பது விதியன்று, நம் செயல்.

சர்க்காரை மட்டும் குறை கூறிவிட்டு நம் வீடுகளைப் பற்றி மௌனம் சாதிப்பது நேர்மையாகாது. தாய் தந்தை இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. சுமப்பவருக்கு நோய்க்குறி யாதும் இராது. முறைப்பெண், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவிலேயே கொள்வினை கொடுப்பினை செய்யும் வழக்கம் இவ்வபாயத்தை மிகுவிக்கிறது. கூட்டம் பார்த்துச் சம்பந்தம் பேசும் நாம் இரத்தச் சோதனையையும் பார்த்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்னும் தொண்டு நிலையத்தார் இத்தகைய தசை நோய்களுக்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் பல்லாண்டுகளாக நடத்தி வந்திருக்கின்றனர். இருந்தும், குழந்தை நோயுற்றால் மருமகள் ஜாதகத்தைப் பழிக்கும் பேதைமை இன்னும் ஒழிந்தபாடில்லை. பழுது இரு தரப்பிலிருந்தும் வருவது. பழி மட்டும் ஒருத்தி தலையில் விழுவது அநீதி.

ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இம்மருந்து விலையின்றிக் கிடைக்க வேண்டும். அங்கேயே மூச்சுக்கும் தசைக்கும் பயிற்சி தரும் பகுதி நிலையாக நடக்க வேண்டும். நோய்க்குறி தோன்றுமுன் மருந்தளிப்பதே மிகுந்த பலன் தருமாதலால், பிறந்த சிசுவின் குதிகாலில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சோதிக்கும் முறை ராஜ்யமெங்கும் பரவ வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்குப் பள்ளிக்கூட வாசலில் படிக்குப் பதில் சாய்தளம் வேண்டும். இவற்றைச் சட்டசபையிலும் நகரசபையிலும் தேர்தல் மேடையிலும் விடாது கேளுங்கள். கோர்ட்டார் கதவைத் திறந்துவிட்டார்கள்; குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டியது ஜனங்களின் கடமை.