பொறாமை என்றொரு சொல்

நிதி நிறுவன உயர் அலுவலர்களின் பெரும் போனஸ் குறித்து மக்கள் சினங்கொள்ளும்போதெல்லாம், 'இது வெறும் பொறாமை' என்னும் விடை எளிதாக வந்துவிடுகிறது. சென்ற வாரம் விடுதி உணவகத்தில் பொருளியல் ஆய்வு செய்யும் நண்பரும் இதையே கூறினார். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அச்சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நண்பர் காட்டிய சான்று, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏ.ஐ.ஜி. 2008இல் 9,900 கோடி டாலருக்கு மேல் நட்டமடைந்த அதனை அந்நாட்டு அரசு பொதுப்பணத்தால் மீட்டது. மறு ஆண்டு மார்ச்சில், நட்டத்தின் ஊற்றுக்கண்ணாய் இருந்த பிரிவின் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் வழங்கப்பட்டபோது நாடே கொதித்தது. அத்தகைய போனஸுக்கு 90 சதவீத வரி விதிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 328-93 வாக்குகளில் நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை. "மீட்புத்தொகையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கா இத்தனை ஆத்திரம்?" என்பது நண்பரின் வினா.

அப்பணத்திற்கு வைக்கப்பட்ட பெயர் 'தக்கவைப்புத் தொகை'. பணியில் நீடித்தாலே போதும், அது உரியதாகிவிடும். மீட்புக்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தம், மீற இயலாது என்றார்கள். அதே காலத்தில்தான் அரசுக் கடன் பெற்ற கார் நிறுவனங்களின் தொழிலாளர்கள், தம் ஒப்பந்தத்தில் கண்ட உரிமைகளை விட்டுக்கொடுக்குமாறு கேட்கப்பட்டார்கள். போனஸ் பெற்றோருள் நட்டத்திற்குத் தொடர்பற்றவர்களும் இருந்தனர் என்பது உண்மை. அவர்களை அச்சுறுத்தியது தவறே. ஆயினும் ஒருவர் ஒப்பந்தம் கல்லெழுத்தாகவும் மற்றவர் ஒப்பந்தம் நீரெழுத்தாகவும் ஆனதை அது நியாயப்படுத்தாது.

நட்டத்திலும் போனஸ் தருவது நமக்குப் புதிதன்று. நம் நாட்டின் 1965ஆம் ஆண்டுச் சட்டம், நட்ட ஆண்டிலும் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு மாத ஊதியம், தரச் சொன்னது. ஆனால் தறியருகே நிற்பவர் ஆலையின் கடன் முடிவுகளை எடுப்பதில்லை. முடிவெடுப்பவரின் போனஸ் அம்முடிவின் விளைவோடு பிணைந்திருக்க வேண்டும். தனியார் வங்கித் தலைவர்களின் ஊதியத்தில் குறைந்தது பாதி செயல்பாட்டைச் சார்ந்திருக்க வேண்டும், அதில் பெரும்பகுதியைத் தள்ளிவைக்க வேண்டும், தேவையானால் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை இதையே சொல்கிறது. மக்களின் சினம் கேட்டதும் இதுவே.

'பொறு' என்னும் வினையடிக்குத் தாங்குதல், சுமத்தல் என்னும் பொருள்கள் உண்டு. எதிர்மறை ஏற்று அது 'பொறாமை' ஆகிறது. ஆதாயத்தில் பங்கு கேட்டிராத மக்கள் நட்டத்தை மட்டும் சுமந்தார்கள். சுமந்தவர்கள் இனியும் சுமக்க மறுத்தது பொறாமை என்றால், அச்சொல்லை அதன் வேர்ப்பொருளில் ஏற்றுக்கொள்கிறேன்.