வெப்பமானி பொய் சொல்லவில்லை



கொத்மலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் சமையலுக்கு நிற்கிறேன். சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இப்போது பெயர்ப்பலகை இருந்தாலும், சனத்தின் வாயில் இன்றும் பிள்ளைக் காம்பராதான். தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை பிள்ளைகள் எங்கள் பொறுப்பு.

அண்மையில் எங்களுக்கு ஒரு வெப்பமானி கிடைத்தது. கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். 96 பாகை செல்சியஸ் காட்டியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தபோது, "சேர், இது பழுது. 100 அல்லவா காட்டவேண்டும்?" என்றேன்.

"பழுதில்லை அம்மா. கடல் மட்டத்தில்தான் 100. இது 4000 அடி உயரம். மேலே வர வரக் காற்றழுத்தம் குறையும், தண்ணீரும் முன்னதாகவே கொதித்துவிடும்" என்றார்.

"அப்படியென்றால் கிருமி சாகுமா?"

"கழுவிய கோப்பை 77 பாகைத் தண்ணீரில் அரை நிமிடம் மூழ்கியிருந்தால் போதும். கேத்தலில் பார்க்காதீர்கள். கோப்பை கிடக்கும் பேசினில் பாருங்கள்."

பார்த்தேன். மலைக் குளிரில், கடைசிக் கோப்பைகளைப் போடும்போது பேசினில் இருந்தது 58 பாகை! தினமும் தண்ணீர் கொதிக்க வைத்தோம் என்ற நிம்மதியில் இருந்திருக்கிறோம்.

எனக்கு நெஞ்சு பதறியது. 1983 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போன குடும்பம் எங்களது. 2009இல் முகாமில், ஒரே வாளித் தண்ணீரில் எல்லாக் கோப்பையும் அலசினோம். அக்காவின் பிள்ளை வயிற்றோட்டத்தில் துவண்டு என் மடியில் கிடந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. அன்று தண்ணீரே இல்லை. இன்று தண்ணீரும் விறகும் இருக்கின்றன, கவனம்தான் வேண்டும்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். மிச்சத்தை வழித்துக் கொட்டி, சவர்க்காரமிட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுகிறோம். பிறகு கம்பிக் கூடையில் அடுக்கி, அடுப்பிலேயே இருக்கும் சுடுநீர்ப் பானையில் அரை நிமிடம் அமிழ்த்துகிறோம். துணியால் துடைப்பதில்லை; ஈரத் துணி கிருமியைத் திரும்பப் பூசிவிடும். கவிழ்த்துக் காயவிடுகிறோம். அந்த நேரத்தில் பிள்ளைகளை அடுப்படிக்கு விடுவதில்லை.

வெப்பமானி இல்லாத சகோதரிகள் தண்ணீரை இறக்காமல், கொதிக்கும் பானையிலேயே அமிழ்த்துங்கள். இருப்பவர்கள் அது சரியா என்று ஐஸ் கரையும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். மலையானாலும் வன்னியானாலும் அங்கே பூச்சியம்தான் காட்டவேண்டும்.

எங்கள் சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறது. ஒவ்வொரு வேளையும் பானையின் பாகையை எழுதிக் கையொப்பமிடுகிறோம். பிள்ளையைத் தூக்க வரும் தாய்மாரும் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டே போகிறார்கள்.