இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள்: இரத்தக் குழாய்ச் செல்களில் நிகழ்வது என்ன?

ஹெப்பாரின் ஊசி இரத்தக் குழாய் மீண்டும் சுருங்காமல் காக்கும், புற்றுநோயையும் கட்டுப்படுத்தும் என்னும் செய்திகளை நீங்கள் படித்திருக்கலாம். அவை முற்றிலும் பொய்யல்ல. பாதி வழியில் நின்றுவிட்டவை.

1977ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் தமனியைக் காயப்படுத்தி ஹெப்பாரின் செலுத்தியபோது, குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் பெருகுவது குறைந்தது. உறைவைத் தடுக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட ஹெப்பாரினும் அவ்வாறே செயல்பட்டதாகப் பின்னர் தெரிந்தது. அதாவது, உறைவைத் தடுப்பது ஒரு பணி. செல் வளர்ச்சியைத் தடுப்பது வேறொரு பணி. ஆயினும் பலூன் சிகிச்சை பெற்ற நோயாளிகளுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, குழாய் மீண்டும் சுருங்குவது குறையவில்லை.

குழாயின் உட்பரப்பில் படர்ந்துள்ள மெல்லிய படலச் செல்களிடம் ஹெப்பாரின் நேர்மாறாகவும் நடந்துகொள்கிறது. வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களுடன் அது பிணைவதால், ஆய்வகங்களில் இச்செல்களை வளர்ப்பதற்கே அதைச் சேர்ப்பதுண்டு. புற்றுநோய்ச் செய்தியும் இத்தகையதே. பிரிட்டனில் 2,000க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில் (முடிவு வெளியானது 2016இல்) ஹெப்பாரின் வகை ஊசி இரத்தக் கட்டிகளைக் குறைத்தது, ஆயுளை நீட்டவில்லை, இரத்தக் கசிவு கூடியது. எனவே இம்மருந்து உங்களுக்குத் தரப்படுவது உறைவைத் தடுப்பதற்காகவே.

செல் வளர்ச்சி உங்கள் அன்றாட மாத்திரையை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு: ஸ்டென்ட். மருந்து பூசிய ஸ்டென்ட் தசைச் செல்களின் பெருக்கத்தை அடக்குகிறது. ஆனால் அதே மருந்து உட்படலச் செல்களையும் தாமதப்படுத்துகிறது. உலோகக் கம்பிகளை அப்படலம் மூடும் வரை அவற்றின் மீது இரத்தம் உறையக்கூடும். அதனால்தான் ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் போன்ற இரண்டாவது மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகிறது. பொதுவாக 6 மாதங்கள், மாரடைப்புக்குப் பின் 12 மாதங்கள். இரத்தக் கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் இதைக் குறைப்பதும் உண்டு.

பல் பிடுங்க வேண்டும் என்பதற்காகவோ, நெஞ்சுவலி நின்றுவிட்டது என்பதற்காகவோ இம்மாத்திரைகளை நீங்களே நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் பொருத்திய நாள் குறிக்கப்பட்ட அட்டையைப் பல் மருத்துவரிடம் முன்னதாகவே காட்டுங்கள்; நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவரும் இதய மருத்துவரும் கலந்து முடிவு செய்யட்டும். மலம் கருப்பாகப் போனாலோ இரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.