தம்பூனுக்குப் போன வேன்

கோவிட் காலத்தில் கேளிக்கைப் பூங்காக்களைத் திறந்ததே தப்பு என்று சொல்கிறவர்கள் மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள நம் ஹுத்தான் மெலிந்தாங்கில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கோயிலுக்கு ஆள் கணக்கு வைத்துவிட்டு நீர்ச்சறுக்குக்கு டிக்கெட் விற்றார்களே என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தது போதாதா, திறந்தவெளிதானே என்று மற்றவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் பூங்காவின் வாசலையே பார்த்துக்கொண்டு வாதாடின. நம் ஊரிலிருந்து கிளம்பியவர்களுக்கு ஆபத்து அந்த வாசலுக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நம் வாயில் அது பி.கே.பி. ஜூன் 10-க்குப் பிறகு அது தளர, பூங்காக்களும் நிபந்தனைகளோடு திறக்க வழி பிறந்தது. 2021 ஜனவரியில் மறுபடி கெடுபிடி, ஜூன் 1-ஆம் தேதி முழு முடக்கம். பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டு ஊசியும் போட்டு முடித்த பிறகு, அந்த அக்டோபர் 11-ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகும் தடை நீங்கியது. மைசெஜாத்ரா செயலியில் வருகையைப் பதிந்து, நெற்றியில் வெப்பம் பார்த்து, முகக்கவரியோடு உள்ளே போன காலம் அது.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஈப்போ மேரு ராயாவில் இருந்த மேப்ஸ் பூங்காவை கோவிட் மூடியது என்று பலர் நம்புகிறார்கள். 2017 ஜூனில் திறந்த அந்தப் பூங்கா 2020 ஜனவரிக் கடைசியில், பி.கே.பி.க்கு ஏழு வாரங்கள் முன்பே மூடிவிட்டது. அதைச் சாய்த்தது கடன். ஆகவே பேராவில் பூங்கா என்றால் நம்மவர்களுக்குத் தம்பூன்தான். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, வெந்நீர் ஊற்றுகளோடு 2004 முதல் இருக்கும் லாஸ்ட் வேர்ல்ட்.

இனி கிருமி பரவும் விதத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் நமக்குச் சொன்னது கையைக் கழுவு, கைப்பிடியைத் துடை என்பது. பூங்காக்களும் ஆட்களை வைத்து மிதவைகளையும் இருக்கைகளையும் துடைத்துக்கொண்டே இருந்தன. தொட்ட பொருளால் தொற்றும் வாய்ப்பு ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. மூச்சிலிருந்து வரும் நுண்துளிகள் காற்றோட்டம் குறைந்த இடங்களில் மிதந்து தொற்றும் என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் அதே மாதக் கடைசியில் தெளிவாக எழுதியது. வீட்டுக்குள் சன்னலை அடைத்துக்கொண்டு கருவாடு பொரித்தால் கடைசி அறையில் தூங்குகிறவருக்கும் மணக்கும். கொல்லைப்புறத்தில் பொரித்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் மணக்கும். நோயாளியின் மூச்சும் அப்படியே. தொற்றின் முதல் மாதங்களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 110 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, அடைத்த இடத்தில் ஒருவர் இன்னொருவருக்குத் தொற்றைக் கொடுக்கும் சாத்தியம் திறந்தவெளியைக் காட்டிலும் ஏறக்குறைய 18.7 மடங்காக இருந்தது. சின்னக் கணக்குதான், எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது காட்டிய திசை பிறகு மாறவில்லை.

தண்ணீரைப் பற்றிய பயம்தான் இதில் பெரிய வீண் பயம். "அத்தனை பேர் குளித்த தண்ணீர்" என்று முகம் சுளித்தவர்கள் கொஞ்சமா? லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சோதித்தார்கள்: லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் குளோரின், அமில அளவு 7-க்கும் 7.2-க்கும் இடையில் இருந்தால், முப்பது விநாடியில் கிருமியின் தொற்றும் திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒழுங்காகப் பராமரித்த குளத்துத் தண்ணீரைக் காட்டிலும், அதில் தோளோடு தோள் உரசி நின்று பேசுகிறவரின் மூச்சுதான் விஷயம்.

ஜப்பானில் பூங்காக்கள் ரோலர் கோஸ்டரில் போகிறவர்களைக் கத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதைப் படித்து உலகமே சிரித்தது. ஃபூஜி-க்யூ பூங்கா, மனசுக்குள்ளேயே கத்துங்கள் என்றது. சிரிக்கலாம், ஆனால் முட்டாள்தனம் இல்லை. குரல் உயர உயரத் தொண்டையிலிருந்து வெளியேறும் துளிகள் கூடும். என் கணக்கில், வேகமாக ஓடும் வண்டியில் அந்தக் கத்தலைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அந்த விதி அதிகம் பயன்பட்டிருக்கக்கூடிய இடம் வண்டி ஏறக் காத்திருக்கும் கூரை போட்ட வரிசை.

நெற்றி வெப்பமானியை நான் அவ்வளவு மதிக்கவில்லை. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குத் தொற்றைக் கொடுக்க முடியும். அந்த இரண்டு நாளும் வெப்பமானி பச்சைதான் காட்டும்.

இப்போது வேன். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தான் தாண்டி, பீடோரில் நெடுஞ்சாலை ஏறி ஈப்போ போய்ச் சேர ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். தனிக் காரில் போகிறவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்துப் பழக்கம் கூட்டாகப் போவது. அண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டு அக்கா, அவர் பிள்ளைகளோடு படிக்கும் ஒன்றிரண்டு பேர் என்று பன்னிரண்டு பேர் ஒரு வேனைப் பிடித்துச் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். பெட்ரோலும் டோலும் தனித்தனியாகக் கட்டினால் கட்டுப்படியாகாது. கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏர்கோன் உள்காற்றையே சுற்றிவிடும் பொத்தானில் இருக்கும். பீடோர் வரும்முன் பொட்டலம் பிரியும், முகக்கவரி தாடைக்கு இறங்கும், பாட்டுப் போட்டால் பின் இருக்கை முழுக்கச் சேர்ந்து பாடும். திரும்பும்போது ஈரத் தலையோடு பிள்ளைகள் நடுங்குவார்கள், அதனால் கண்ணாடியை யாரும் இறக்க மாட்டார்கள். பூங்காவில் இருந்த ஆறு மணி நேரத்தைவிட இந்த மூன்று நாலு மணி நேரம்தான் கிருமிக்கு வாகானது. இதற்கு மைசெஜாத்ராவும் இல்லை, தரையில் ஒட்டிய மஞ்சள் கோடும் இல்லை. இரண்டு பக்கக் கண்ணாடியையும் நாலு விரல் இறக்கி, ஏர்கோனை வெளிக்காற்றுக்கு மாற்றியிருந்தால் செலவில்லாமலே பாதிக் காரியம் முடிந்திருக்கும். அதை எந்த அறிவிப்புப் பலகையும் அழுத்திச் சொல்லவில்லை.

பூங்காவுக்குள்ளும் திறந்தவெளி என்பது வானம் பார்த்த விஷயம். பேராவில் மதியம் திரும்பினால் மழை. இடி இடித்ததும் தண்ணீர் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். பரந்து கிடந்த கூட்டம் முழுவதும் உணவுக்கடைக் கூரைக்குக் கீழும் உடை மாற்றும் அறையிலும் வந்து அடையும். நனைந்த முகக்கவரி ஒழுங்காக வடிகட்டாது, மாற்றுக்கு இன்னொன்று பையில் இருக்காது. சாப்பிடும் மேசையில் எப்படியும் அதைக் கழற்றியாக வேண்டும். 2020 ஜூலைக் கடைசியில் கெடாவில் கிளம்பிய சிவகங்கைத் தொற்றுத்திரள் ஒரு சாப்பாட்டுக் கடையைச் சுற்றி வளர்ந்தது நம்மவர்களுக்கு மறந்திருக்காது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நமக்கு எவ்வளவு இயல்போ, கிருமிக்கும் அவ்வளவு வசதி.

திறந்தபின் மூட நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஷாங்காய் டிஸ்னிலேண்டைப் பார்க்கலாம். 2021 அக்டோபர் 31 அன்று, முந்தைய நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் கதவை அடைத்து, உள்ளே இருந்த ஏறக்குறைய 34,000 பேரையும் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். நம் நாடு அந்த வழியில் போகவில்லை. பெரியவர்களின் தடுப்பூசியை நம்பித் திறந்தது. அதில் ஒரு ஓட்டை இருந்தது: ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தொடங்கியதே 2022 பிப்ரவரியில்தான். அதாவது அக்டோபரில் பூங்காவுக்கு ஆசைப்பட்டவர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் ஊசி இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சளியோடு போய்விடும் என்பது உண்மை. ஆனால் இரவு பிள்ளை பாட்டியின் பாயில்தான் போய்ப் படுக்கும். போகலாமா வேண்டாமா என்று கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் வீட்டுக்கு வீடு மாறும். பாட்டி ஊசி போட்டாயிற்றா, சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது, திரும்பி வந்தபின் சில நாள் அவரைத் தனி அறையில் படுக்க வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். தோட்டத்து இரண்டறை வீட்டில் கடைசிக் கேள்விக்கு இல்லை என்றே பதில் வந்திருக்கும்.

இந்த வாதத்தில் யாரும் எண்ணாமல் விட்டவர்கள் வேலைக்காரர்கள். நாம் உடை மாற்றும் அறையில் பத்து நிமிடம் நின்றோம். அங்கே தரை துடைத்தவரும் அலமாரிச் சாவி கொடுத்தவரும் எட்டு மணி நேரம், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கூட்டத்தின் மூச்சிலும் நின்றார்கள். வருகையாளர் எண்ணிக்கையைக் குறைத்த விதியால் உண்மையில் அதிகப் பயன் அடைந்தவர்கள் அவர்கள்தான். அதே விதியால் பூங்காவின் வருமானம் குறைந்து, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறவர்களும் அவர்கள்தான்.