சிறையிலிருந்து வந்தவர்கள் திறக்காத கதவு

ஜனதா ஆட்சியின் வெளியுறவுக் கொள்கை என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? 1977-இல் ஐ.நா. அவையில் வாஜ்பாய் இந்தியில் பேசியது. நம் வாழ்க்கையைத் தொட்ட முடிவு வேறொன்று. அதை யாரும் பேசுவதில்லை.

1979 ஏப்ரல் 10. நெருக்கடிநிலை முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. பிரதமர் மொரார்ஜி, வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் இருவருமே இந்திரா ஆட்சியில் சிறையிருந்தவர்கள். ஆனாலும் செய்தது அரைவேலை. தடுப்புக்காவல் அதிகாரத்தை விட மனமில்லாமல் 9-ஆம் பிரிவுக்கு விலக்கு கேட்டார்கள். சட்டவிரோதமாகக் கைதானவர் இழப்பீடு கோரும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். உள்நாட்டில் நீதி கிடைக்காதவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் நேரடியாக முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் சேரவே இல்லை. பின்னால் வந்த எந்தக் கட்சி ஆட்சியும் சேரவில்லை.

மற்ற நாடுகளைப் பாருங்கள். ராணுவ ஆட்சியிலிருந்து மீண்ட அர்ஜென்டினா 1986-இல் இரண்டிலும் சேர்ந்தது. 1990 மக்கள் எழுச்சியில் மன்னரைப் பணியவைத்த நேபாளம் மறு ஆண்டே இரண்டிலும் சேர்ந்தது. நாளை இன்னொரு சர்வாதிகாரி வந்தாலும் மக்களுக்கு வெளியே ஒரு வாசல் இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

இதற்கும் தருமபுரிக்கும் என்ன தொடர்பு? வாச்சாத்திதான் தொடர்பு. 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்களே ஊருக்குள் புகுந்து சூறையாடினார்கள். 18 பழங்குடிப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உள்நாட்டு வழக்கு நியாயமின்றி இழுத்தடிக்கப்பட்டால், அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்கிறது அந்த நெறிமுறை. 19 ஆண்டுகள் இழுத்தடிப்பு இல்லையென்றால் வேறு எது இழுத்தடிப்பு?

'ஜெனீவா சொன்னால் நடந்துவிடுமா?' என்று கேட்பார்கள். நெறிமுறையில் சேர்ந்த இலங்கையில், தமிழ்க் கைதி ஒருவருக்குச் சாதகமாகக் குழு சொன்னதை 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உண்மைதான். ஆனால் ஒரு கைதியின் புகாருக்கு ஓர் அரசு உலகின் முன் பதில் எழுத வேண்டியிருந்தது. வாச்சாத்திப் பெண்களுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை.

2001 டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் இந்தியா முட்டுக்கட்டை போட்டபோது பிரதமர் அதே வாஜ்பாய்தான். சாதியை 'உள்நாட்டு விவகாரம்' என்று மூடிவைப்பதும் ஒரு வெளியுறவுக் கொள்கைதான், தோழர்களே.

அடுத்து ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: அந்த நெறிமுறையில் இந்தியா எப்போது கையெழுத்திடும்?